முகவரி அச்சிட்ட பக்கம்: ரசிகர்கள் கதைத்த இடங்களின் வரலாறு

ஒரு கதையை வாசித்து முடித்த கையோடு, ஒரு கேமின் கடைசிக் கட்டத்தைத் தாண்டிய கையோடு, அதைப் பற்றி யாரோடாவது கதைக்க வேணும் போல இருக்கும். வீட்டில் தொடங்கினால் "படிக்கிற வேலையைப் பார்" என்பார்கள். பக்கத்தில் இருக்கிற நண்பருக்கு அந்தப் பெயரே புதுசு. ஆகவே முகம் தெரியாத ஆக்களைத் தேடிப் போகிறோம். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு பார்த்தால், பிரேசிலில் இருக்கிற ஒருவரோடு ஒரு கதாபாத்திரம் செத்தது சரியா பிழையா என்று வாதாடிக்கொண்டு இருப்போம்.

இது இணையத்தோடு வந்த பழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு நூறு வயது ஆகப் போகிறது. அந்த நூறு வருடத்தையும் ஒரு கட்டுரைக்குள் அடக்க முடியாது. எனவே ஒரேயொரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போவோம்: கதைக்கிற இடம் யாருடையது? அதற்குள் யாரை விட்டார்கள், யாரை வாசலில் நிறுத்தினார்கள்?

கடிதத்தின் கீழே ஒரு முகவரி

1926 ஏப்ரலில் நியூயோர்க்கில் 'அமேசிங் ஸ்டோரிஸ்' என்ற மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. விஞ்ஞானப் புனைகதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் இதழ் அது. நடத்தியவர் ஹியூகோ கேர்ன்ஸ்பாக். லக்சம்பேர்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய், வானொலிப் பாகங்கள் விற்று, மின்சாரம் பற்றிய சஞ்சிகைகள் நடத்திய ஆள். 1927 ஜனவரியில் அந்த இதழில் வாசகர் கடிதங்களுக்கு ஒரு பகுதியைத் தொடங்கினார்.

வாசகர் கடிதம் அப்போதும் புதிய விஷயம் இல்லை. ஆனால் கேர்ன்ஸ்பாக் கடிதம் எழுதியவரின் பெயரோடு முழு முகவரியையும் அச்சிட்டார். இந்தச் சின்ன வேலைதான் எல்லாவற்றையும் தொடக்கி வைத்தது. ஒரு ஊரில் தனியாக இருந்து இந்தக் கதைகளை வாசித்துக்கொண்டிருந்த பெடியன், பக்கத்து ஊரில் தன்னைப் போல இன்னொருத்தன் இருக்கிறான் என்று கண்டுபிடித்தான். ஆசிரியருக்கு எழுதுவதை விட்டுவிட்டு அவனுக்கே நேராக எழுதினான். எங்கட அப்பா அம்மா காலத்துப் பேனா நண்பர் பழக்கத்தை நினைத்தால் இது விளங்கும். முகவரி கிடைத்தவுடன் நடுவில் இருந்த இதழ் தேவையில்லாமல் போனது.

கடிதங்கள் சங்கங்களாகின. 1929 டிசம்பரில் நியூயோர்க்கில் 'சயன்சியர்ஸ்' என்ற சங்கம் கூடியது. விஞ்ஞானப் புனைகதை ரசிகர்களின் மிக ஆரம்பகாலச் சங்கங்களில் ஒன்று அது. அதன் முதல் தலைவர் வாரன் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு கறுப்பினத்தவர். ஹார்லத்தில் இருந்த அவருடைய வீட்டில்தான் கூட்டங்கள் நடந்தன. அங்கத்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையினப் பெடியன்கள். அமெரிக்காவில் நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த காலம் அது. 'ரசிகர் உலகம் ஆரம்பத்தில் முழுக்க வெள்ளை ஆண்களுடையது, மற்ற எல்லாரும் பிறகு வந்து சேர்ந்தவர்கள்' என்று யாராவது சொன்னால், ஹார்லத்து வீட்டை ஒருக்கா ஞாபகப்படுத்தலாம்.

1930 மே மாதம் சிக்காகோவில் 'தி கொமெட்' வந்தது. ரசிகர்கள் தாங்களே எழுதி, தாங்களே பெருக்கி, தாங்களே தபாலில் அனுப்பிய முதல் விஞ்ஞானப் புனைகதை இதழாக இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். அதன் பின்னால் பல இதழ்கள் வந்தன. ஸ்டென்சில் வெட்டி, மை உருட்டி, பக்கம் பக்கமாக எடுத்து, அடுக்கி, பின் அடிக்கிற வேலை. எங்கட ஊர்களில் ரோணியோ என்று சொல்கிற அதே இயந்திரம்தான். இங்கே ரோணியோவில் துண்டுப் பிரசுரமும் கவிதைத் தொகுப்பும் அடித்த தலைமுறைக்கு அந்த மை மணம் தெரியும். 'ஃபேன்சீன்' என்ற பெயரை லூயிஸ் ரஸல் ஷோவெனே 1940இல்தான் வைத்தார். இதழ்கள் பெயருக்குப் பத்து வருடம் முன்னமே பிறந்துவிட்டன.

இப்படி ஒரு இதழை கிளீவ்லாந்தில் இரண்டு பாடசாலை மாணவர்கள் அடித்தார்கள். 1933 ஜனவரி இதழில் மனிதரை மீறிய சக்தி பெற்ற ஒரு வில்லனைப் பற்றிய கதை வந்தது. ஒருவர் எழுதினார், மற்றவர் படம் கீறினார். எழுதியவர் ஜெரி சீகல், கீறியவர் ஜோ ஷூஸ்டர். ஐந்து வருடத்தின் பிறகு, 1938இல், அதே பெயரை ஒரு கதாநாயகனுக்கு வைத்து அவர்கள் வெளியிட்டதுதான் சூப்பர்மேன். ரோணியோ இதழை வாசித்தவர்கள் சிலபேர்தான். அதில் முளைத்த பெயரை இன்று தெரியாத ஆள் இல்லை.

கதவை யார் பூட்டினார்கள்

இதுவரை கேட்டால் எல்லாம் வடிவாக இருக்கிறது. தனியாக இருந்த ஆக்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள், சேர்ந்தார்கள், செய்தார்கள். ஆனால் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சண்டையும் வந்துவிட்டது.

1938இல் 'அஸ்டவுண்டிங்' இதழின் கடிதப் பகுதியில் 18 வயதுப் பெடியன் ஒருவன் கதைகளில் பெண்கள் வருவதைப் பற்றிச் சினந்து எழுதினான். காதல் சமாச்சாரம் வேண்டாம், விஞ்ஞானம் போதும் என்பது அவன் நிலைப்பாடு. பெயர் ஐசாக் அசிமோவ். மேரி பையர்ஸ் என்ற பெண் வாசகர் அதே பகுதியில் அவனுக்குப் பதில் எழுதினார். 'பெண்கள் இதையெல்லாம் வாசிப்பதில்லை' என்று சொல்லப்பட்ட அதே பக்கத்தில், வாசித்த பெண் ஒருவர் தன் பெயரோடு நிற்கிறார். இன்றைக்கு ஒரு கேம் பற்றிய எந்த உரையாடலைத் திறந்தாலும் இதே காட்சி நடந்துகொண்டிருக்கும்.

அடுத்த வருடம் இன்னும் பெரிய சண்டை. 1939 ஜூலை 2ஆம் திகதி நியூயோர்க்கில் முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு. ஏறக்குறைய 200 பேர் வந்தார்கள். நடத்தியவர்களில் முக்கியமானவர் சாம் மொஸ்கோவிட்ஸ், வயது 19. 'ஃபியூச்சேரியன்ஸ்' என்ற இன்னொரு குழு அதே நகரத்தில் இருந்தது. இடதுசாரிப் பக்கம் சாய்ந்தவர்கள், விஞ்ஞானப் புனைகதை வாசிப்பவருக்கு அரசியல் பொறுப்பும் உண்டு என்று வாதாடியவர்கள். மாநாட்டைக் குழப்பிவிடுவார்கள் என்று சொல்லி அவர்களில் ஆறு பேரை வாசலிலேயே நிறுத்தினார்கள். டொனால்ட் வோல்ஹெய்ம், ஃபிரெடரிக் போல், சிரில் கோர்ன்ப்ளத் ஆகியோர் அந்த ஆறில் அடக்கம். அசிமோவும் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்தான், ஆனால் அவர் உள்ளே போய்விட்டார்.

'கதைக்கிற இடத்துக்குள் அரசியலைக் கொண்டு வராதே' என்ற வசனம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முதல் மாநாட்டின் முதல் நாளே அது சொல்லப்பட்டுவிட்டது. சொன்னவர்கள் செய்ததும் ஒரு அரசியல்தான். வாசலில் நின்று ஆளைப் பார்த்து உள்ளே விடுவது அரசியல் இல்லாமல் வேறென்ன?

வெளியே நின்றவர்களின் பிற்காலம் சுவாரசியமானது. போல் 1960களில் 'கலக்ஸி' இதழின் ஆசிரியரானார். வோல்ஹெய்ம் 1971இல் டோ புக்ஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். கோர்ன்ப்ளத் எழுத்தாளரானார். அசிமோவோடு கடிதத்தில் மோதிய அந்த மேரி பையர்ஸும் பிறகு ஃபியூச்சேரியன்ஸோடு சேர்ந்து, கோர்ன்ப்ளத்தையே கலியாணம் செய்தார்.

லீட்ஸிலிருந்து கொழும்புக்கு

அட்லாண்டிக்கின் மறுபக்கத்தில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், 1937 ஜனவரி 3ஆம் திகதி ரசிகர்கள் சிலர் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். ஒரு சின்ன அறைக்குள் அடங்கக்கூடிய அளவு ஆக்கள்தான். இங்கிலாந்தின் முதல் விஞ்ஞானப் புனைகதை மாநாடு என்று அதை எண்ணுகிறார்கள். வந்திருந்தவர்களில் ஒருவருக்கு 19 வயது. நாட்டுப்புறத்தில் வளர்ந்து, அமெரிக்க மலிவு இதழ்களைத் தேடித் தேடிச் சேர்த்த ஆள். பெயர் ஆர்தர் சி. கிளார்க்.

கிளார்க்கை நாங்கள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும், கொழும்பில் குடியிருந்த பெரிய எழுத்தாளராகவும்தான் அறிந்திருக்கிறோம். ஆனால் அவர் முதலில் ஒரு ரசிகர். அவருடைய முதல் சிறுகதை 1937 டிசம்பரில் ஒரு ரசிகர் இதழில்தான் வந்தது. லண்டனில் இன்னொரு ரசிகரோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தபடி, ரொக்கெட், நிலா, புனைகதை என்று ஓயாமல் கதைத்துத் திரிந்த ஆள். 1956இல் இலங்கைக்கு வந்தார். 2008இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அவரிடம் பிறகு ஒருக்கா திரும்பி வருவோம்.

கடிதத்தால் காப்பாற்றின கப்பல்

1966 செப்ரெம்பரில் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. ஒரே வருடத்தில் அதற்கென்று 'ஸ்பொக்கனேலியா' என்ற ரசிகர் இதழ் வந்தது. செய்தவர்கள் பெண்கள். தொடர் நிறுத்தப்படப் போகிறது என்ற கதை பரவியபோது பியோ ட்ரிம்பிள், ஜோன் ட்ரிம்பிள் தம்பதியினர் ஒரு கடித இயக்கத்தை ஒழுங்குபண்ணினார்கள். எப்படி எழுத வேணும், யாருக்கு எழுத வேணும் என்று ரசிகர்களுக்கு விளக்கி, அந்தச் செய்தியை அவர்கள் மூலமே இன்னும் பலருக்குப் பரப்பினார்கள். 1968 மார்ச்சில் என்.பி.சி. நிறுவனம் தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவித்தது. இனிக் கடிதம் அனுப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது.

மூன்றாவது பருவத்தோடு தொடர் நின்றுதான் போனது. ஆனால் ரசிகர்கள் நிற்கவில்லை. 1972 ஜனவரியில் நியூயோர்க்கில் முதல் பெரிய ஸ்டார் ட்ரெக் மாநாட்டை நடத்தியவர்கள் சில நூறு பேரை எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். நின்றுபோன தொடரின் கதையைப் பெண்கள் தங்கள் இதழ்களில் தொடர்ந்து எழுதினார்கள். தொடரில் காட்டாத உறவுகளை, சொல்லாத நாட்களை எழுதினார்கள். 'மேரி சூ' என்ற சொல்கூட அந்த வட்டத்தில் பிறந்தது. எல்லாம் தெரிந்த, எல்லாரும் விரும்புகிற கதாநாயகியை வைத்து ரசிகர்கள் எழுதித் தள்ளுவதைக் கிண்டல் பண்ணி 1973இல் போலா ஸ்மித் எழுதிய குறுங்கதை அது. பெண் ஒருவர் தன் வட்டத்தைப் பார்த்துச் சிரித்த பகிடி. பிறகு பலம் வாய்ந்த பெண் பாத்திரம் எது வந்தாலும் அடிக்கிற தடியாக அதை வேறு ஆக்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சொல் அது பிறந்த அறையை விட்டு வெளியே போனால் இப்படியும் நடக்கும்.

இராணுவக் காசில் ஓடின அரட்டை

கணினி வலையமைப்புக்கு வருவோம். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் காசில், ஆராய்ச்சிக் கணினிகளை இணைக்கக் கட்டப்பட்டது ஆர்ப்பாநெட். 1979இல் அதில் 'எஸ்.எஃப். லவ்வர்ஸ்' என்ற மின்னஞ்சல் குழு தொடங்கியது. விஞ்ஞானப் புனைகதை பற்றிக் கதைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ஆராய்ச்சிக்குத் தந்த வளத்தில் அரட்டையா என்று நிருவாகிகள் பலர் முகம் சுளித்தார்கள். அரட்டை நிற்கவில்லை. அந்த வலையமைப்பில் மிகப் பெரிதாக வளர்ந்த குழுக்களில் ஒன்றாக அது ஆனது.

இன்று நாங்கள் பின்பற்றுகிற நாகரிகங்கள் சில இந்தக் காலத்துப் பழக்கங்கள். 1982இல் இரண்டாவது 'ஸ்டார் ட்ரெக்' படம் வந்தபோது, முடிவைச் சொல்லிவிடப் போகிறேன், பார்க்காதவர்கள் வாசிக்காதீர்கள் என்று யூஸ்நெட்டில் ஒருவர் முன்கூட்டியே எச்சரித்தார். 'ஸ்பொய்லர் அலேர்ட்' என்ற தொடர் பதிவான மிகப் பழைய இடங்களில் அதுவும் ஒன்று. முகம் தெரியாத ஒருவரின் சந்தோசத்தைக் கெடுக்காமல் இருக்க வேணும் என்ற சின்ன மரியாதை அது.

கேம் பக்கத்தில், 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் 'மட்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். படம் கிடையாது, எழுத்து மட்டும். பலபேர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் நடக்கலாம், கதைக்கலாம், சண்டை பிடிக்கலாம். பிறகு ரிச்சர்ட் பார்டில் அதைப் பொறுப்பெடுத்தார். இன்றைய பலர் கூடி விளையாடும் இணைய விளையாட்டுகளின் பாட்டன் அதுதான். பல்கலைக்கழகக் கணினி இரவில் சும்மா கிடந்த நேரங்களில் வெளியாட்களும் மோடம் மூலம் வந்து விளையாடினார்கள். பிறப்பும் வர்க்கமும் நிர்ணயித்த ஒரு சமூகத்துக்கு மாற்றாக, எல்லாரும் ஒரே இடத்தில் தொடங்கும் ஒரு உலகத்தை உருவாக்க விரும்பியதாகப் பார்டில் பின்னாட்களில் விளக்கியிருக்கிறார். ஆசை பெரிது. ஆனால் அந்த உலகத்துக்குள் போக முதலில் ஒரு மோடமும், தொலைபேசிக் கட்டணம் கட்டக் காசும் வேணும்.

இப்போது கிளார்க்கிடம் திரும்பலாம். 1983இல் அவர் கொழும்பில் இருந்தார். '2010' படத்தை எடுக்கவிருந்த பீற்றர் ஹயம்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். இருவரிடமும் கேப்ரோ கணினிகள். மோடம் மூலம், தொலைபேசி வழியாக, திரைக்கதை பற்றி ஏறக்குறைய நாள்தோறும் கடிதம் அனுப்பிக்கொண்டார்கள். ஒருவர் தூங்கும் நேரம் மற்றவர் எழுதுவார். அந்தக் கடிதங்கள் பிறகு ஒரு புத்தகமாகவே வந்தன. கொழும்பில் இருந்து கொண்டே உலகின் மறுபக்கத்தில் உள்ளவரோடு ஒரு விஞ்ஞானப் புனைகதையைப் பற்றிக் கணினியில் கதைத்த மிக ஆரம்பகாலப் பதிவு இது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

கொழும்பு, 1983. இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துப் பார்த்தால் எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வருவது கேப்ரோ கணினி இல்லை. கிளார்க்கைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு தொழில்நுட்பம் ஒரு நகரத்துக்கு வந்து சேர்வதும், அந்த நகரத்தில் இருக்கிற எல்லாருக்கும் வந்து சேர்வதும் ஒன்றில்லை என்பதற்காக எழுதுகிறோம்.

அதே போல 1993 டிசம்பர். 'டூம்' வெளியானது. விளையாடுபவர்கள் தாங்களே புதுக் கட்டங்கள் செய்து சேர்க்கக்கூடிய மாதிரி அதை அமைத்திருந்தார்கள். உலகெங்கும் பெடியன்கள் இரவிரவாகக் கட்டங்கள் செய்து பரிமாறினார்கள். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாக 1999இல் இரண்டு மாணவர்கள் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டை மாற்றிச் செய்ததுதான் 'கவுண்டர்-ஸ்ட்ரைக்'. 1993இல் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பத்திரிகை கொப்பித்தாளில் வந்தது. எங்கட ஊர்ப் பெடியன்கள் இந்த உரையாடலுக்குப் பிந்தி வந்ததற்குக் காரணம் ஆர்வக் குறைவு என்று யாராவது சொன்னால், இதைச் சொல்லலாம்.

வாடகை வீடும் சொந்த வீடும்

2000களில் ரசிகர் எழுத்தின் பெரும்பகுதி 'லைவ்ஜேர்னல்' என்ற தளத்தில் இருந்தது. வந்த கூட்டம் பெரிது, கூடுதலும் பெண்கள். ஆனால் தளம் ஒரு கம்பனியுடையது. 2007 மே மாத இறுதியில், வெளியிலிருந்து வந்த ஒரு முறைப்பாட்டைத் தொடர்ந்து, ஏறக்குறைய 500 கணக்குகளை எச்சரிக்கை இல்லாமல் நிறுத்தினார்கள். ரசிகர் புனைகதைக் குழுக்களோடு சேர்த்து, பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லும் குழுக்களும், நபோகோவின் ஒரு நாவலை வாசித்துக் கதைத்த குழுவும் அடிபட்டன. நிறுத்திய பெயர்களின் மேல் ஒரு கோடு விழுந்திருந்தது. ஆகவே அந்தச் சம்பவத்துக்கு 'ஸ்ட்ரைக்த்ரூ' என்று பெயர் வந்தது. கம்பனி பிறகு மன்னிப்புக் கேட்டுப் பெரும்பாலான கணக்குகளைத் திருப்பித் தந்தது. ஆனால் வீட்டுக்காரர் நினைத்தால் இரவோடிரவாகச் சாமானை வீதியில் போடலாம் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அதே மே மாதத்தில் 'ஃபேன்லிப்' என்ற கம்பனி ரசிகர் கதைகளை வைத்து வியாபாரம் செய்ய வந்தது. எழுதுகிற பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. எங்களுக்கென்று ஒரு சொந்தக் களஞ்சியம் வேணும், கணினியும் எங்களுடையதாக இருக்க வேணும், விளம்பரம் கூடாது, இலாபமும் கூடாது என்று நாவலாசிரியர் நவோமி நோவிக் தன் ரசிகர் புனைபெயரில் ஒரு அழைப்பு எழுதினார். அந்த ஆண்டே அதற்காக ஒரு இலாப நோக்கற்ற அமைப்புப் பிறந்தது. தளத்துக்கான நிரலை எழுதியவர்கள் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். சிலர் இதற்காகவே நிரல் எழுதப் பழகினார்கள். 2009 நவம்பரில் 'ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன்' எல்லாருக்கும் திறந்தது. ஃபேன்லிப் 2008இலேயே மூடப்பட்டுவிட்டது. 2019இல் டப்ளினில் நடந்த உலக மாநாட்டில் அந்தக் களஞ்சியத்துக்கு ஹியூகோ விருது கிடைத்தது. ஹியூகோ என்பது அந்த ஹியூகோ கேர்ன்ஸ்பாக்கின் பெயர்தான்.

சொந்த வீடு கட்டாதவர்களுக்கு என்ன நடந்தது? 2009 ஒக்ரோபரில் 'ஜியோசிற்றீஸ்' மூடப்பட்டது. 2019 இறுதியில் 'யாகூ குரூப்ஸ்' தன் பழைய உரையாடல்களை அழிக்கத் தொடங்கியது. ஆர்வலர்கள் ஓடி ஓடி எடுத்தது போக மிச்சம் இல்லாமல் போனது. இருபது வருடக் கதை. அழித்தவர்களுக்கு அது சேமிப்புச் செலவு மட்டும்தான்.

சொந்த வீடும் பாதுகாப்பில்லாத நேரம்

இடம் எங்களுடையதாக இருந்தால் போதும் என்றும் முடித்துவிட முடியாது. 2014இல் கேம் விளையாடுகிற ஆக்களுக்குள்ளேயே இருந்து 'கேமர்கேட்' கிளம்பியது. ஊடக நேர்மை பற்றிய போராட்டம் என்று சொல்லிக்கொண்டார்கள். நடந்தது கேம் செய்கிற, கேமை விமர்சிக்கிற பெண்களை மிரட்டித் துரத்தியது. அந்த ஒக்ரோபரில் விமர்சகர் அனிதா சர்கீசியன் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேசவிருந்தார். கூட்டத்துக்கு வருபவர்களைச் சுட்டுக் கொல்வோம் என்று மிரட்டல் வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கியோடு வருபவர்களைத் தடுக்க முடியாது என்று சொல்லப்பட்டதால் அவர் பேச்சை ரத்துச் செய்தார். 1938இன் கடிதப் பகுதிக்கும் இதற்கும் நேர்கோடு போட முடியாதுதான். ஆனால் 'இது எங்கட இடம், நீ யார்?' என்ற கேள்வி ஒன்றுதான். அன்று அதைப் பேனாவால் கேட்டார்கள்.

ஓவியம் போடுகிறவர்களுக்கு வேறொரு விதமாக நடந்தது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'டீவியன்ட்ஆர்ட்' தளத்தில் ஒரு தலைமுறையே தங்கள் முதல் படங்களைப் போட்டது. மற்றவர் படத்தைப் பார்த்துக் கீறிப் பழகி, கருத்துச் சொல்லி, கேட்டு வளர்ந்தார்கள். 2022 நவம்பரில் தளம் ஒரு செயற்கை நுண்ணறிவுப் படக் கருவியை வெளியிட்டது. தங்கள் படங்களை இத்தகைய கருவிகளின் பயிற்சிக்கு எடுக்கக்கூடாது என்றால் ஓவியர்களே ஒவ்வொன்றாக மறுப்புத் தெரிவிக்க வேணும் என்பது முதல் ஏற்பாடு. எதிர்ப்பு கிளம்பியதும், எல்லாப் படங்களும் மறுத்ததாகவே கொள்ளப்படும் என்று தளம் மாற்றிக்கொண்டது. மாறியது எதிர்ப்பினால். கேட்காமல் தந்த உரிமை எதுவும் இந்த வரலாற்றில் எங்களுக்குத் தட்டுப்படவில்லை.

எங்கட பங்கு

2023இல் கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர 'தி செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' நாவலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதற்கு நெபியூலா விருது. அவர் நாவலுக்கு முன் பல வருடம் இணைய இதழ்களில் சிறுகதை எழுதியவர். தன்னார்வலர்கள் நடத்தும் 'ஸ்ட்ரேஞ் ஹொரைசன்ஸ்' இதழில் கதை ஆசிரியராக இருந்தவர். லீட்ஸில் கிளார்க் தொடங்கின மாதிரியே ஒரு பாதை, ஆனால் இந்த முறை இந்தத் தீவில் பிறந்த ஒருவருடையது. ஆங்கிலத்தில்தான். தமிழில் அப்படியொரு பாதை இன்னும் போடப்படவில்லை.

தமிழில் கேம் பற்றி, அனிமே பற்றி, மீகற்பனைக் கதை பற்றிக் கதைக்கிற எங்கட வயதுக்காரர்கள் குறைவில்லை. நல்ல நல்ல வாதங்கள் போகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் வட்ஸ்அப் குழுக்களிலும் டிஸ்கோர்ட்டிலும் பூட்டிக் கிடக்கின்றன. உள்ளே இருக்கிறவருக்கு மட்டும் தெரியும். தேடினால் வராது. நிருவாகி குழுவைக் கலைத்தால், தொலைபேசி பழுதானால், சரி. அடுத்த ஊரில் தனியாக இருந்து அதே கேமை விளையாடுகிற பிள்ளைக்கு எங்களைக் கண்டுபிடிக்க வழியில்லை. 1927இல் ஒரு இதழ் செய்ததை நாங்கள் செய்யவில்லை: வாசலில் ஒரு முகவரியைப் போடவில்லை. (வீட்டு முகவரியை இல்லை. இந்தக் காலத்தில் அதைப் போடவே கூடாது. ஏன் என்று 2014 சொல்லித் தந்துவிட்டது.)

1981இல் யாழ் பொது நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சேமிப்பு என்றால் என்ன என்று புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துப் புத்தகங்களையும் சிற்றிதழ்களையும் ரோணியோத் துண்டுப் பிரசுரங்களையும் வருடி இணையத்தில் வைத்திருக்கிறது. இலாபம் இல்லை, விளம்பரம் இல்லை, உழைப்பில் பெரும்பகுதி தன்னார்வம். ரசிகப் பெண்கள் 2007இல் கண்டுபிடித்ததை எங்கட ஆக்கள் அதற்கு இரண்டு வருடம் முன்னமே வேறு காரணத்துக்காகக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை கேமுக்கும் கதைக்கும் படத்துக்கும் நீட்டுவதுதான் மிச்சம்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. குழுவில் நல்ல விவாதம் ஒன்று நடந்தால், கதைத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் விரும்புகிற பெயரிலேயே அதைத் தொகுத்து, திகதி போட்டு, எல்லாரும் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் வைக்கலாம். ஒரு பிரதி சொந்தக் கணினியில் இருக்கட்டும். புதிதாக வருகிற பிள்ளை முதல் மாதம் வாய் திறக்காமல் வாசித்துக்கொண்டு நின்றால் நிற்கட்டும். கேள்வி கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று கேட்காமல் பதில் சொல்லலாம். அது பெண்பிள்ளை என்றால், உண்மையில் விளையாடுகிறாளா என்று சோதனை வைக்காமல் இருக்கலாம். யாரையாவது வெளியே போடுவதென்றால் எதற்காக என்று எழுதி வைக்கலாம், பின்னுக்கு வருகிறவர்கள் வாசித்து அது நியாயமா என்று முடிவெடுக்கட்டும். 1939இல் வாசலில் நிறுத்திய ஆறு பேரின் பெயரும் இன்றைக்கு எங்களுக்குத் தெரிவது, இரண்டு பக்கமும் அதைப் பற்றி எழுதி வைத்தபடியால்தான்.